மூக்கு வளையமும் சந்தனப் பொட்டும்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுப் பழைய பிஸ்டலின் மூக்கு வளையம் உள்ளே போய், கால் சுற்று திரும்பி, ‘டிக்’கென்று உட்கார்ந்தது. மூன்று வாரம். கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் ரத்தம் கட்டியிருக்கிறது. அடுப்படியிலிருந்து ஆத்தா, “என்னடா, வெடிச்சிருச்சா?” என்றார்கள். “உக்காந்திருச்சு ஆத்தா” என்றேன். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கையிலிருப்பது ஐயாவுடைய (எங்கள் வழக்கில் தாத்தா) எஃப்.என். பிரவுனிங் 1910, 7.65 மி.மீ. லைசென்ஸ் புத்தகத்தில் .32 பிஸ்டல் என்று இருக்கும். இரண்டும் ஒரே தோட்டாதான். 1956இல் மதராஸில் வாங்கிய ரசீது இன்னும் பெட்டியடியில் கிடக்கிறது. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு)ப் பிறகு வாரிசு முறையில் என் பேருக்கு மாற்றினேன். அந்த அலைச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும். வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அடக்கமான சாமான். சுத்தியலே கிடையாது, பாக்கெட்டில் மாட்டுகிற முனை ஒன்றும் இல்லை. பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் ஹெர்ஸ்டாலில் செய்தது. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்டதும் இதே மாடல்தான், .380 ரகம். முதல் உலகப் போருக்குப் பிள்ளையார் சுழி போட்ட துப்பாக்கியின் தம்பி எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும்.

வினை ஆரம்பித்தது ஒரு தேர்தலில். 2024 தேர்தலுக்கு வழக்கம்போலத் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்தேன். அவசரத்தில் தோல் உறையோடு கொடுத்துவிட்டேன். ஜூனில் திரும்பி வந்ததும் பிரித்துப் பார்க்காமல் அதே உறையோடு பெட்டகத்தில் வைத்தேன். தோலைப் பதப்படுத்துகிற உப்பும் அது குடித்து வைக்கிற ஈரமும் இரும்புக்கு எமன் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! ஆயுத பூஜையன்று உருவிப் பார்த்தால் ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகர்கிற இரும்புக் கூடு) இடது பக்கம் முழுக்கச் செம்மண் புழுதி படிந்தாற்போல் மெல்லிய துரு. சரி, அது தோலின் வேலை. வலது பக்கம் மட்டும் ஏன் நாலணா அளவுக்கு வட்டமாக, கச்சிதமாக ஒரு துரு?

கொஞ்சம் யோசித்த பிறகுதான் உறைத்தது. பொட்டு. வருஷா வருஷம் ஆத்தா சந்தனத்தைக் குழைத்து அதே இடத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து உள்ளே வைப்போம். தண்ணீரும் சந்தனமும் ஒரு ராத்திரி முழுக்க அதே இடத்தில். ஐயா காலத்திலிருந்து கணக்குப் போட்டால் அறுபது பொட்டுக்கு மேல் வாங்கியிருக்கும். இரும்பின் மேலுள்ள கருநீலத் தோல், புளூயிங் என்பார்கள், எவ்வளவுதான் தாங்கும்?

இங்கே ஒரு வெட்கக்கேடு. துருவை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது, 1953இல் திறந்தது. அந்த ஊர்க்காரன் துப்பாக்கியைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறேன். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். உப்புத்தாள் வாங்கப் போய்க்கொண்டிருந்தவனை வாசலிலேயே மடக்கினார்.

“தம்பி, தேய்க்காதே. வேகவை.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விளக்கம் இது. புளூயிங் என்பது பெயின்ட் இல்லை, அதுவும் ஒருவகைத் துருதான். இரும்பின் கறுப்பு ஆக்சைடு, காந்தக்கல்லில் இருப்பது. செந்துரு பொருபொருவென்று இருக்கும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மேலும் மேலும் தின்னும். கருந்துரு நெருக்கமாகப் படிந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும். செந்துருவைக் கொதிநீரில் வைத்தால் அது கறுப்பாக மாறும். அந்தக் காலத்தில் புளூயிங் செய்ததே இப்படித்தான்: வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, வேகவைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து, ஐந்தாறு தடவை. உப்புத்தாள் போட்டால் துருவோடு மிச்சமிருக்கும் கறுப்பும் போகும், இடது பக்கத்து எழுத்தும் மழுங்கும். எழுத்து மழுங்கின எஃப்.என்.னுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? சீரியல் நம்பர் மேல் கை வைத்தால் மதிப்பு போவது இருக்கட்டும், கேஸ் வரும்.

கொதிக்க வைத்தால் இரும்பின் பதம் கெடாதா என்று கேட்டேன். சிரித்தார். தண்ணீர் நூறு டிகிரியோடு நின்றுவிடும், எஃகு வைக்கோல் நிறத்துக்கு வரவே 200க்கு மேல் வேண்டும், நீல நிறத்துக்கு 300 பக்கம் போக வேண்டும் என்றார்.

சரி, கழற்றலாம் என்று உட்கார்ந்தேன். தோட்டா எல்லாம் வேறு அறையில். தோட்டா அடுக்குகிற மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, குழலில் தோட்டா உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தேன். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று வெளியிலிருந்து காட்டுகிற அடையாளம் எதுவும் இந்த மாடலில் கிடையாது. அதனால் இதில் மட்டும் நான் சோம்பல்படுவதில்லை.

அடுத்தது மூக்கு வளையம். ஆங்கிலப் பேர் வேறு, எங்கள் வீட்டில் இதுதான் பேர். 1910இன் சூட்சுமமே, பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங் குழலைச் சுற்றி இருப்பதுதான். பிரவுனிங் அதற்கு முன் செய்த 1900 மாடலில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே தனி அறையில் இருக்கும், அதனால் அது தடிமன். இதில் குழலுக்கே ஸ்பிரிங்கை உடுத்திவிட்டு, முன்னால் சொரசொரப்பு வெட்டிய ஒரு வளையத்தால் மூடிவிட்டார். அழுத்தி, கால் சுற்றுத் திருப்பினால் வளையம் விடுபடும். விடுபடும் என்பது மரியாதையான சொல். முதல் தடவை அது என் காதோரம் போய் வளவுத் தூணில் அடித்து, முற்றத்தில் உருண்டு, மழைத்தண்ணீர் போகிற தூம்புக்குள் விழுந்தது. ஸ்பிரிங் பட்டாலையில் கிடந்தது. வளையத்துக்காக ஒன்றரை மணி நேரம், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தூம்புக்குள் விட்டேன். ஐயா காலத்து ஆணி, ஒரு ஹேர்ப்பின், யாருடையதோ மெட்டி, கடைசியில் வளையம். (மெட்டி வெள்ளி இல்லை. வெள்ளியாயிருந்தால் காந்தத்தில் ஒட்டியே இருக்காது. ஆத்தாவிடம் இதைச் சொல்லவில்லை.)

இப்போதெல்லாம் கண்ணாடி பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத்தான் கழற்றுகிறேன். பறந்தாலும் பையோடு நிற்கும். மற்றது சுலபம். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேஃப்டி கொக்கியை முன் பள்ளத்தில் மாட்டி நிறுத்தி, குழலைத் திருகினால் அதன் அடியிலுள்ள வரிப்பற்கள் ஃபிரேமை (அடிச்சட்டத்தை) விடும். கொக்கியை விட்டதும் ஸ்லைடும் குழலும் சேர்ந்து முன்பக்கமாக வழுக்கி வந்துவிடும். சுடும்போது ஸ்லைடைக் குழலோடு பிணைக்கிற பூட்டு என்று தனியாக எதுவுமில்லை. ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் தோட்டாவின் உதையைத் தாங்குகின்றன.

உள்ளே பார்த்தால், தோட்டாவின் அடியைக் குத்துகிற ஸ்ட்ரைக்கர் ஓடும் குழி முழுக்கப் பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்புப் பிசின். ஐயாவின் நல்லெண்ணெய். குளியலுக்கு நல்லது, துப்பாக்கிக்கு ஆகாது. வித்து எண்ணெய் பலவும் காற்றுப்பட்டால் இறுகிப் பிசினாகும். ரேஷன் மண்ணெண்ணெய் காலம் போய்விட்டதால் பெயின்ட் கடை டர்பென்டைனில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பல்குச்சியால் சுரண்டினேன். மேலுக்கு இப்போது தையல் மெஷின் எண்ணெய்தான், அதுவும் துணியில் ஒற்றி.

வேகவைக்கத் தண்ணீர்? எங்கள் போர் தண்ணீரில் வேகவைத்தால் உப்புக் கறைதான் மிஞ்சும். பேட்டரி கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன். கடைக்காரர் “இன்வெர்ட்டரா?” என்றார், தலையாட்டிவிட்டேன். பாத்திரத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கி, ஓரம் உதிர்ந்த இனாமல் சட்டி ஒன்று எடுத்தேன். முழுசாக இருந்தால் கலெக்ஷன் விலை சொல்வார்கள், உதிர்ந்திருந்தால் பேரம் பேசலாம். 0000 எஃகுப் பஞ்சு (மிக மெல்லிய ரகம்) ஊரில் கிடைக்கவில்லை, மதுரையில் பர்னிச்சர் பாலிஷ் சாமான் விற்கிற கடையிலிருந்து பஸ்ஸில் வந்தது. பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

கைப்பிடித் தகடு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தேன். எபோனைட், வெந்நீர் பட்டால் வெளுத்துப் பழுப்பாகும். ஸ்லைடை மட்டும் கட்டுக்கம்பியில் தொங்கவிட்டு அரை மணி கொதிக்க வைத்தேன். தூக்கினால், செம்மண் நிறம் இருந்த இடமெல்லாம் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுப்பு! பஞ்சில் எண்ணெய் தொட்டு, தூசி தட்டுகிற அழுத்தம்தான் கொடுத்தேன். கரி போல் வந்தது போக, அடியில் ஒட்டினது நின்றது. மூன்று தடவை இப்படி. இடது பக்கத்து எழுத்து ஒன்றும் மழுங்காமல் முழுசாக இருக்கிறது. பொட்டு வட்டத்தில் மட்டும் ஊசிமுனைப் பள்ளங்கள். அவை இனி போகாது. கறுப்பாக இருக்கின்றன, வளராது, அது போதும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வளையத்தின் சொரசொரப்பு வெளிறிக் கிடந்ததைப் பார்த்து ஆசை வந்தது. இணையத்தில் குளிர் புளூயிங் திரவம் வாங்கினேன். செலீனியம் சேர்ந்தது, கையுறை போடாமல் தொடக்கூடாது, அழுகல் நாற்றம் வேறு. பூசினதும் அழகான கருநீலம். இரண்டு நாள் கழித்து எண்ணெய்த் துணியால் துடைத்தால் துணியில் பாதி, வளையத்தில் பாதி. இப்போது ஊதாவும் செம்பு நிறமும் கலந்து, மயில்துத்தத்தில் விழுந்தாற்போல் இருக்கிறது. மாமா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகுதான் அந்த மூன்று வாரம். குழலும் ஸ்லைடும் ஏறியாயிற்று. ஸ்பிரிங்கை முன்னாலிருந்து குழல் மேல் விட்டால் விரல் நீளம் வெளியே நிற்கும். அதை வளையத்தோடு சேர்த்து அழுத்தி, குழல் முனை வளையத்தின் நடுவே எட்டிப் பார்க்கும்போது திருப்ப வேண்டும். அழுத்தினால் சாய்கிறது, சாய்ந்தால் கவ்வுவதில்லை, விட்டால் பறக்கிறது. விரலால் அழுத்தினால் குழல் முனை விரலைக் குத்துகிறது, ஏனென்றால் நடுவில் ஓட்டை, அழுத்த வேண்டியது ஓரத்தை. இது புரியவே முதல் வாரம் போயிற்று. ஸ்பேனர் சாக்கெட் வைத்துப் பார்த்தேன், கீறல் விழும் போலிருந்தது.

தெருக்கோடி ஆசாரியிடம் போனேன். இடித்த வீட்டு நிலையிலிருந்து எடுத்த பர்மாத் தேக்குத் துண்டு ஒன்று கிடந்தது. “அண்ணே, ஓட்டை எவ்வளவு வேணும்?” என்றார். குழலை மட்டும் கொண்டு போகவா முடியும்? வெர்னியரில் அளந்து எழுதிய சீட்டைக் கொடுத்தேன். கைக்கடக்கமான உருளை, நடுவில் குழல் நுழைகிற ஓட்டை, முகத்தில் வளையம் பதிகிற பள்ளம். முதல் உருளையில் பள்ளம் ஆழமாகி, வளையத்தைத் திருப்ப விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. இரண்டாவதில் பள்ளத்தைக் குறைத்து, பக்கவாட்டில் இரண்டு வெட்டு விட்டுக் கொடுத்தார். நேராக அமுங்கியது. நேற்று உட்கார்ந்தது அதனால்தான். கூலி வாங்க மாட்டேன் என்றார், “எதுக்குண்ணே இது, பம்பரத்துக்கா?” என்று மட்டும் கேட்டார்.

உட்கார்ந்ததும் ஸ்லைடை இழுத்துவிட்டு டிரிக்கரை அழுத்தினேன். அசைவில்லை. பிடியை இறுக்கி மறுபடி அழுத்தினேன். இல்லை. உள்ளே எதையோ உடைத்துவிட்டேன் என்று முக்கால் மணி நேரம் வியர்த்து உட்கார்ந்திருந்தேன். மேகசின் மேசையில் கிடந்தது. மேகசின் இல்லாவிட்டால் இந்தத் துப்பாக்கி அடிக்காது! காலி மேகசினைச் செருகி அழுத்தினேன், ‘டக்’. தெரிந்த விஷயம்தான், ராத்திரி பத்தரைக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது.

உறை இனி தனியாக ஆணியில் தொங்கும். துப்பாக்கிக்குத் துருத் தடுப்புத் தாள். பேரிங் கடையில் பெட்டிகளுக்குள் சுற்றி வருகிறதே, அதுதான், தூக்கிப் போடுகிறார்கள், கேட்டால் தருவார்கள். கூடவே சிலிக்கா ஜெல் இரண்டு பை. வளையத்தைச் சரிக்கட்ட வீட்டில் இனி எதுவும் செய்யப்போவதில்லை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் பழைய துரு முறையில் செய்து தருவார்களா என்று விசாரிக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரை இன்னும் கழற்றவில்லை. அதன் ஊசி ஐயா காலத்திலிருந்து அசைந்ததாகத் தெரியவில்லை, அதைத் தட்டி எடுக்கிற பஞ்ச் சரியான அளவில் கிடைக்கும்வரை எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

பொட்டு விவகாரம் ஆத்தாவிடம் போனது. பெட்டி மேல் வைத்துக்கொள்ளலாமே என்றேன். “சாமானை விட்டுட்டுப் பெட்டிக்கு எவனாச்சும் பொட்டு வப்பானா?” என்றார்கள். தேக்கு உருளையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.