வன்னி வெயிலுக்கு ஒரு அம்பிளிபயர்

அம்பிளிபயர் கட்டுகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் முதல் கேள்வியே "எத்தனை வாட்ஸ் மச்சான்?" என்பதுதான். ட்ரான்ஸ்போமர் என்ன, ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடுகிற உலோகத் துண்டு) எவ்வளவு பெரிசு என்று ஒருவரும் கேட்பதில்லை. கிளிநொச்சியில் மத்தியான நேரம் தகரக் கூரைக்குக் கீழே பாட்டுப் போடுகிற ஆட்கள் கேட்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.

நான் எடுத்தது டிடிஏ 7294. அம்பிளிபயர் வேலையை உள்ளேயே செய்கிற, பதினைந்து கால் உள்ள ஒற்றை ஐசி, சுற்றிவரக் கொஞ்சம் ரெசிஸ்டரும் கப்பாசிற்றரும், அவ்வளவுதான். டேட்டா ஷீட்டில் (கம்பனி தருகிற விவரத் தாள்) சப்ளை பிளஸ் மைனஸ் 40 வோல்ட் வரை என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு 28-0-28 (நடுக் கம்பிக்கு இரண்டு பக்கமும் 28 வோல்ட் ஏசி) ட்ரான்ஸ்போமர் தேடுகிறவர்கள் நிறையப் பேர். ஏசியை டிசி ஆக்கினால் உச்ச வோல்ட் வரும், 28ஐ 1.414ஆல் பெருக்கினால் 39.6, சரிதானே என்று கணக்கு. சரியில்லை. லோட் இல்லாதபோது ட்ரான்ஸ்போமர் எழுதியிருப்பதைவிடக் கூடத்தான் தரும், ஊர் படுத்த பிறகு லைனும் 230ஐத் தாண்டி நிற்கும், அப்போது 40ஐத் தாண்டிவிடும். தொண்ணூறுகளில் யுத்தத் தடையால் பற்றரி வராத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட எங்கள் மாமா ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, மிதிக்கிற வேகம் கூடினால் வோல்ட்டும் கூடும் என்பது அவர்களின் காலுக்கே தெரியும்.

ஆகவே 8 ஓம் ஸ்பீக்கருக்கு 24-0-24 போடுங்கள். டயோடு கழிய 33 வோல்ட் அளவில் நிற்கும், தாராளம். 4 ஓம் என்றால் டேட்டா ஷீட்டே 27 வோல்ட்டில்தான் கணக்குக் காட்டுகிறது, அதற்கு 20-0-20 போதும்.

இனிச் சூடு. 33 வோல்ட்டும் 8 ஓமும் என்றால் ஐசியில் அதிகபட்சம் 28 வாட் அளவு வெப்பமாகவே போகும். வாட்டுக்கு 1.5 பாகை ஏறுகிற ஹீட் சிங்க் என்றால் அறைச் சூட்டுக்கு மேல் 42 பாகை. 25 பாகை அறையை நினைத்துப் போட்ட கணக்கு சித்திரை, வைகாசியில் இங்கே செல்லாது, 35க்கு மேல் போகும், அந்தப் பத்துப் பாகையும் அப்படியே ஐசிக்குள் ஏறும். உள்ளே 145 பாகை அளவில் ஐசி தானாகவே வாயை மூடிக்கொள்ளும். செத்துப்போச்சு என்று கழற்றி எறியாதீர்கள், ஆறவிட்டால் திரும்பப் பாடும். அடுத்த முறை பெரிய சிங்க் போடுங்கள், பெட்டிக்கு மேலும் கீழும் ஓட்டை விடுங்கள்.

இன்னொன்று, இந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையுடன் சேர்ந்தது. கரண்ட் கடத்தாத மைக்காத் தகடும் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் பெட்டியில் இறுக்கினால் பெட்டி முழுக்க மைனஸ் 33. கரண்ட் கொடுக்க முதல் மீற்றர் வைத்துப் பாருங்கள்.

பிசிபி (பாகங்களைப் பற்றவைக்கிற செப்புப் பலகை) எல்லோருக்கும் தெரிந்த வழிதான்: லேசர் பிரிண்ட் எடுத்து, அயன் பெட்டியால் செப்பில் ஒட்டி, மிச்சச் செப்பைப் பெரிக் குளோரைட்டில் கரைப்பது. பெரிக் குளோரைட்டை எவர்சில்வர் தட்டில் ஊற்றாதீர்கள், தட்டையும் தின்னும், அம்மாவிடம் பேச்சும் விழும்.

முதல் தடவை ஸ்பீக்கர் வேண்டாம். கரண்ட் லைனில் தொடராக ஒரு பழைய 60 வாட் இழை பல்ப் போடுங்கள் (எல்ஈடி பல்ப் சரிவராது). பல்ப் ஒரு தடவை மினுங்கி மங்கினால் நல்லது, வெளிச்சமாகவே எரிந்தால் எங்கோ ஷோர்ட். அப்புறம் ஸ்பீக்கர் வயர் வருகிற இடத்தில் டிசி எவ்வளவு என்று பாருங்கள். 100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. முழு 33 வோல்ட்டும் அங்கே நின்றால் அது ஸ்பீக்கர் கொயிலை எரிக்கிற கரண்ட்.

எல்லாம் சரியாகி, பாட்டுக்குப் பின்னால் ஒரு உறுமல் கேட்டால், இன்புட்டைக் கிரவுண்டுடன் ஷோர்ட் பண்ணிப் பாருங்கள். நின்றுவிட்டால் வெளியே வருகிற வயரில் பிழை. நிற்காமல் கரகரவென்று 100 ஹேர்ட்ஸ் கேட்டால் சப்ளையில் உள்ள பெரிய கப்பாசிற்றர் பக்கம் பாருங்கள், ஸ்பீக்கர் கிரவுண்டும் இன்புட் கிரவுண்டும் ஒரே பாதையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். மெல்லிய 50 ஹேர்ட்ஸ் என்றால் ட்ரான்ஸ்போமரைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே அநேகமாகக் குறையும்.