இரட்டை எஞ்சின் ரேட்டிங்: எரிபொருள் பாடத்தைக் கடந்து வந்த கதை

இரட்டை எஞ்சின் ரேட்டிங், அதாவது இரண்டு எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதி, எடுக்கப் போகிறேன் என்றதும், ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அது கஷ்டம்தான். ஆனால் என்னை அதிகம் உட்கார்ந்து யோசிக்க வைத்தது எரிபொருள். டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த எஞ்சினுக்கு, எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சி பைப்பர் செமினோல் என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் தொடங்கியது. எஞ்சினுக்கு ஒரு டேங்க், ஒவ்வொன்றிலும் 54 கேலன் பயன்படும். இரு இருக்கைகளுக்கும் நடுவே, எரிபொருள் வழியைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு செலக்டர்கள்: ஆன், ஆஃப், கிராஸ்ஃபீட். கிராஸ்ஃபீடுக்கு மாற்றினால் அந்த எஞ்சின் எதிர்ப்பக்க டேங்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இது சமநிலைப் பறப்புக்கு மட்டும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் கூடாது. கிராஸ்ஃபீட் வேலை செய்கிறதா என்று தரையிலேயே பார்த்துவிட்டு, ஆனுக்குத் திரும்பிய பிறகுதான் ரன்-அப், அதாவது மேலெழும் முன் எஞ்சின் சோதனை, செய்வோம். எந்த டேங்க்கில் மேலே ஏறப்போகிறோமோ, அதில்தான் எஞ்சினைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் நல்ல உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது பயிற்றுநர் சத்தமில்லாமல் இடது செலக்டரை மூடினார். எஞ்சின் உடனே நிற்கவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு ஓடியது. முதலில் அசைந்தது எரிபொருள் அழுத்த முள். அப்புறம்தான் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. ஆர்பிஎம் (சுழற்சி வேக) முள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது: காற்று புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, புரொப்பெல்லரின் சுழற்சியைச் சீராக வைக்கும் கவர்னர் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. "முள்ளை நம்பாதீங்க, காலை நம்புங்க" என்றார். மூக்கை நேராக வைக்க ரட்டர் பெடலில் வலது காலை அழுத்த வேண்டியிருந்தது, இடது கால் சும்மா கிடந்தது. ஆக நின்றது இடது எஞ்சின். கை செலக்டருக்குப் போனது, திறந்தேன், எஞ்சின் உயிர் பெற்றது. அன்றிலிருந்து டேங்க் மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டுமே மாற்றுகிறேன். எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை செலக்டரிலிருந்து கையை எடுப்பதில்லை.

செமினோல் உண்மையில் எளிது. அடுத்து செஸ்னா 310 என்ற இன்னொரு இரட்டை எஞ்சின் விமானத்துக்கு மாறியபோதுதான் விஷயம் சூடு பிடித்தது. மெயின் டேங்க்குகள் இறக்கை நுனியில், துணை டேங்க்குகள் இறக்கைக்குள். எஞ்சின்கள் கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளை நேராகப் பீச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வகை. பம்ப் தேவைக்கு மேல் இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எந்த டேங்க்கிலிருந்து எடுத்தாலும் மிச்சம் போவது மெயினுக்குத்தான். மெயின் நிறைந்திருக்கும்போதே துணை டேங்க்கைத் திறந்தால், திரும்பி வருவதற்கு இடமில்லாமல் வென்ட் என்ற காற்றுத் துளை வழியாக வெளியே கொட்டிவிடும். அதனால் துணை டேங்க்கின் அளவைப் பொறுத்து முதல் 60 அல்லது 90 நிமிடம் மெயினிலேயே பறக்க வேண்டும். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு விதியை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

தேர்வுக்கு முந்தைய வாய்மொழிக் கேள்வியில் எனக்குப் பிடித்தது இது. ஒவ்வொரு பக்கமும் மெயின் 50, துணை 20 கேலன். மணிக்கு ஒரு எஞ்சினுக்கு 15 கேலன் செலவு. மெயினில் 40 நிமிடம் பறந்தபின் இடது எஞ்சின் நின்றுவிட்டது. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?

செலவான 10 போக மெயின்களில் 40-ம் 40-ம், துணையில் 20-ம் 20-ம், ஆக 120 என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிராஸ்ஃபீட் மெயினிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். துணை டேங்க் தன் பக்கத்து எஞ்சினுக்கு மட்டுமே ஊட்டும். இடது துணையில் உள்ள 20 கேலனை வலது எஞ்சினால் தொடவே முடியாது. அதனால் கணக்கு 100. மீதி 20, வீட்டுப் பெட்டியில் பூட்டிச் சாவியைத் தொலைத்த பணம் மாதிரி, பாரமாகக் கூடவே வரும். அது தவிர, ஓடும் ஒற்றை எஞ்சின் கூடுதல் சக்தியில் ஓடுவதால் 15 கேலன் கணக்கும் செல்லாது. வேகமும் குறைந்திருக்கும், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் புதிதாகப் போட வேண்டும்.

இந்த ரேட்டிங்குக்குத் தயாராகிறவர்கள் கையேட்டில் உள்ள எரிபொருள் படத்தை ஒரு வெள்ளைத் தாளில் கையால் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு செலக்டர் நிலைக்கும் கோடு எங்கிருந்து எங்கே போகிறது, திரும்பும் குழாய் எங்கே சேர்கிறது என்று பென்சிலால் தொடருங்கள். கையேடு உங்கள் விமானத்தின் சீரியல் எண்ணுக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே 310-லும் மாடலுக்கு மாடல் டேங்க் அமைப்பு மாறும்.