பாரிசிலிருந்து தூக்கி வந்த வார்ப்பிரும்புச் சட்டி

என் அம்மா வத்தக்குழம்பைக் கல்சட்டியில்தான் வைப்பார். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் அது நெடுநேரம் தானாகவே கொதித்துக்கொண்டிருக்கும். இப்போது நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே உள்ளது. அதன் காந்தப்புலத்துக்குக் கல் சூடாவதில்லை, இரும்புதான் சூடாகும். வெறும் வார்ப்பிரும்புச் சட்டியிலோ புளியைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கறுத்து, நாக்கில் இரும்பு வாடை தட்டுகிறது. கனமாகவும் இருக்க வேண்டும், சூட்டையும் பிடித்து வைக்க வேண்டும், புளிக்கும் அசையக்கூடாது என்று தேடிக்கொண்டே போனபோது எனாமல் பூசிய வார்ப்பிரும்பில் வந்து நின்றேன். சென்ற ஜூலையில் பாரிசில் வசிக்கும் சித்தி வீட்டுக்குப் போக வாய்த்தபோது, ஒரே ஒரு நல்ல சட்டியுடன் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இந்தப் பாத்திரங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் கொக்கோத் என்பார்கள். ஃபோந்த் எமயே என்பது அவர்கள் மொழியில் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. இந்த இரண்டு சொற்களும் தெரிந்திருந்தால் எந்தக் கடையிலும் கேட்டு வாங்கிவிடலாம். லெ க்ரூஸே, ஸ்டோப் ஆகிய இரண்டு பெயர்களே அங்கே முதலில் கண்ணில் படுகின்றன. லெ க்ரூஸே 1925-இல் வட பிரான்சின் ஃப்ரெனுவா-லெ-கிரான் என்ற சிற்றூரில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவருமே பெல்ஜியத்துக்காரர்கள். அர்மான் தெசாகேர் வார்ப்பு வேலை அறிந்தவர், ஒக்தாவ் ஒபெக் எனாமல் வேலை அறிந்தவர். நிறுவனத்தின் பெயருக்கு மூசை என்று பொருள். நம் பொற்கொல்லர்கள் பொன்னை உருக்கும் அதே மூசைதான். உருகிய இரும்பின் செம்மஞ்சளே அவர்களின் முதல் நிறமாக அமைந்தது. ஸ்டோப் 1974-இல் கிழக்கு பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பிறந்தது.

முதல் மூன்று நாட்கள் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் திரிந்தேன். லே ஆல் பகுதியில் 1820-இலிருந்து நடந்துவரும் தெயிலெரன் என்ற பழைய பாத்திரக் கடைக்குச் சென்று, கூரை வரை தொங்கும் செப்புப் பாத்திரங்களை அண்ணாந்து பார்த்தேன். சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கான இத்தகைய கடைகளில் விலைச்சீட்டு வரி நீங்கலாக இருக்கலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பேரங்காடிகளில் 26 செ.மீ. அளவுள்ள ஒரு சட்டியின் விலை 300 யூரோவைத் தாண்டியிருந்தது.

பார்த்துத் திரிந்த அந்த நாட்களில்தான் இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான வேறுபாடு எனக்குத் தெளிவாகப் புரிந்தது. லெ க்ரூஸேயின் உட்புறம் மணல் நிறத்தில் வெளிறி, வழவழப்பாக இருக்கிறது. வெந்தயம் சிவக்கிறதா கருகுகிறதா என்பது அதில் பளிச்சென்று தெரியும், ஆனால் மஞ்சள்தூள் அதில் கறையாகப் படியும். ஸ்டோப்பின் உட்புறம் கறுப்பாகச் சற்றுச் சொரசொரப்புடன் இருப்பதால் கறை தெரிவதில்லை. இறைச்சியை வறுத்துச் சிவக்க வைப்பதற்கு அதுவே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் மூடியின் அடியில் சிறு சிறு முனைகள் உண்டு. மேலே எழும் ஆவி அந்த முனைகளில் திரண்டு, உணவின் மேல் பரவலாகச் சொட்டும். நான் வைப்பது பெரும்பாலும் குழம்பும் கூட்டும் என்பதால் தாளிப்பின் நிறம் கண்ணுக்குத் தெரிவதே எனக்கு முக்கியம். ஆகவே வெளிறிய உட்புறத்தையே தேர்ந்துகொண்டேன்.

அளவைப் பொறுத்தவரை சித்தி சொன்ன ஒரு வார்த்தை என் எண்ணத்தை மாற்றியது. "வெறும் சட்டியைத் தூக்கிப் பாத்துட்டு வாங்காதம்மா, குழம்பு நிறைய இருக்குறதா நெனச்சிக்கிட்டுத் தூக்கிப் பாரு" என்றார். கடையில் 26 செ.மீ. சட்டியை, அதாவது 5.3 லிட்டர் கொள்வதை, மூடியுடன் தூக்கிப் பார்த்தேன். அதன் எடையே ஐந்து கிலோவுக்கு மேல். குழம்பு நிறைந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். அதை அடுப்பிலிருந்து மேசைக்கு என் மணிக்கட்டுகளால் எடுத்துச் செல்ல முடியாது, அம்மாவால் நிச்சயமாக முடியாது. 4.2 லிட்டர் கொள்ளும் 24 செ.மீ. சட்டியே எங்கள் நால்வர் குடும்பத்துக்குப் போதும் என்று அங்கேயே தீர்மானித்தேன். அடுப்புக் கையுறை போட்ட கை கைப்பிடிக்குள் நுழைகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

சனி, ஞாயிறு காலைகளில் கூடும் வான்வ் பழம்பொருள் சந்தைக்கும் போனேன். அங்கே கூசான்ஸ் என்ற பெயர் பொறித்த ஒரு பழைய சட்டியைக் கண்டதும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. 1553-இல் தோன்றிய வார்ப்பாலை அது. 1957-இல் லெ க்ரூஸே அதை வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே, 1934-இல், கூசான்ஸ் உருவாக்கிய தூஃபே என்ற சட்டியின் மூடி குழிவாக இருக்கும். அந்தக் குழியில் தண்ணீரோ பனிக்கட்டியோ வைத்தால், மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து மீண்டும் உணவில் விழும். நான் பார்த்ததும் அந்த வகைச் சட்டியே. ஆனால் உட்புற எனாமலில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலையாகப் பரவியிருந்தன. அடியில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து இரும்பு துருப்பிடித்திருந்தது. எனாமல் என்பது ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் இரும்போடு உருகி ஒட்டிய கண்ணாடி. அது உள்ளே ஓரிடத்தில் பெயர்ந்தால் அடுத்தடுத்துப் பெயரும், பெயரும் சில்லு உணவில் கலக்கும். மேலும் பழைய சிவப்பு, மஞ்சள் எனாமல்களில் நிறத்துக்காகக் காட்மியம் பயன்பட்டதுண்டு. அழகுக்காக அலமாரியில் வைப்பதானால் வாங்கியிருப்பேன். சமைப்பதற்கு என்பதால் மனமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் சித்தியும் நானும் ஃப்ரெனுவா-லெ-கிரானுக்கே புறப்பட்டோம். பாரிசின் கார் து நோர் நிலையத்திலிருந்து சென்-கான்தேன் போய், அங்கிருந்து வேறு ரயில் மாற வேண்டும். சட்டிகள் இன்றும் அந்த ஊரில்தான் வார்க்கப்படுகின்றன, ஆலையை ஒட்டியே ஒரு கடையும் இருக்கிறது. ஒவ்வொரு சட்டியும் மணல் அச்சில் வார்க்கப்படுகிறது. வார்த்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள் என்பதால் ஒரே அச்சில் இரண்டு சட்டிகள் பிறப்பதில்லை. பூச்சில் சிறு குறை நேர்ந்தவற்றை இரண்டாம் தரம் என்று விலை குறைத்து வைத்திருந்தார்கள். கோடைத் தள்ளுபடிக் காலமும் அப்போதே நடந்துகொண்டிருந்தது. பிரான்சில் தள்ளுபடி விற்பனைக்கான நாட்களை அரசே வரையறுக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, நான்கு வாரங்கள் அது நடக்கும். கோடை விற்பனை பொதுவாக ஜூன் மாதக் கடைசிப் புதன்கிழமை தொடங்கும்.

அங்கே மட்டும் ஒன்றரை மணி நேரம் செலவிட்டேன். ஒவ்வொரு சட்டியையும் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உட்புறம் முழுவதும் விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். மூடியைப் போட்டு அது ஆடுகிறதா என்று சோதித்தேன். வெளியே புள்ளி இருக்கலாம், உள்ளே இருக்கக்கூடாது என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல். கைப்பிடிக்கு அடியில் கடுகளவு குமிழ் ஒன்று இருந்த கரும்பச்சைச் சட்டி இறுதியில் என் கைக்கு வந்தது. பாரிசில் பார்த்ததைவிட மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். பிரான்சில் இதற்கு தெதாக்ஸ் என்று பெயர். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். கடவுச்சீட்டைக் காட்டி, விலை கொடுக்கும்போதே படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இதைத் தர வேண்டும் என்று கடைக்காரருக்குக் கட்டாயம் இல்லை என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். வரி 20 விழுக்காடு என்றாலும், வரி சேர்ந்த விலையில் அது ஆறில் ஒரு பங்குதான். அதிலும் இடைத்தரகு நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்வதால் பொதுவாக 12 விழுக்காடு அளவில் கைக்கு வரும். விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தின் பட்டைக் குறியீட்டைக் காட்ட வேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும். ஆகவே பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே இந்த வேலையை முடித்தாக வேண்டும்.

கட்டி எடுத்துவருவதில் எனக்கு ஏற்கெனவே பட்ட அனுபவம் ஒன்றுண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில் வாங்கிய சிறிய சட்டியை, மூடியை அப்படியே மேலே போட்டுப் பெட்டியில் வைத்தேன். வீட்டில் திறந்தபோது விளிம்பில் இரண்டு இடங்களில் எனாமல் சில்லாகப் போயிருந்தது. வழியெல்லாம் மூடியும் சட்டியும் மோதிக்கொண்டே வந்திருக்கின்றன. இம்முறை சட்டிக்குள் துணிகளைத் திணித்து, விளிம்பின் மேல் மடித்த துண்டை விரித்து, மூடியைக் குப்புறக் கவிழ்த்து, மீண்டும் ஒரு போர்வையால் சுற்றிப் பெட்டியின் நட்டநடுவில் வைத்தேன். கைப்பையில் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கைப்பைக்கான எடை வரம்பின் பெரும்பகுதியைச் சட்டியே தின்றுவிடும். அமெரிக்க விமான நிலையங்களிலோ வார்ப்பிரும்புப் பாத்திரத்தைக் கைப்பையில் அனுமதிப்பதே இல்லை. 23 கிலோ பெட்டியில் சட்டிக்கென்று ஐந்து கிலோவை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவற்றை வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வத்தக்குழம்பு வைத்தோம். நல்லெண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பைப் போட்டு, சூட்டைப் படிப்படியாக ஏற்றினேன். வெறும் சட்டியைக் காய வைத்தாலோ, சூடான சட்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டினாலோ எனாமல் வெடித்துவிடும். சுண்டைக்காய் வற்றல் பொரிந்ததும் புளிக்கரைசலை விட்டோம். மூக்கருகே கரண்டியைக் கொண்டுபோன அம்மா, இரும்பு வாடை இல்லை என்றார். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியின் ஓரங்களில் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன. கல்சட்டியைப் போல நெடுநேரம் இல்லை, சில நிமிடங்கள்தான். அம்மா அது அடங்கும் வரை அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.