டெனிஷ் நெடுஞ்சொல்லை வாலிலிருந்து வெட்டுங்கள்

டான்ஸ்க் 3 என்கிற டெனிஷ் மொழிச் சோதனையின் பெறுபேறு நேற்று வந்தது. எழுத்தில் 7. போன தடவை இதே பகுதியில் 00, அதாவது பெயில். சோதனை எப்படி நடக்கும் என்பது எழுதப் போகிற உங்களுக்கே தெரியும். என்னை விழுத்தினது கூட்டுச்சொல், அதாவது இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவது; அதை மட்டும் சொல்கிறேன்.

ஊரில் ஆங்கிலம் படிப்பித்தேன் என்று சொல்ல, 'எங்கெல்ஸ்க் லேரர்' என்று இடைவெளி விட்டு எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் அதைத் திரும்ப எழுதிக் காட்டினபோது மச்சாளின் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமி, நீங்கள் இங்கிலாந்துக்காரியோ?" ஒட்டி எழுதினால் ஆங்கிலப் பாட ஆசிரியர், பிரித்தால் ஆங்கிலேய ஆசிரியர். பதினொரு வயதுப் பெடியனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தாள் முழுக்க இப்படித்தான் துண்டு துண்டாக எழுதியிருப்பேன்.

வகுப்பில் கை தட்டி அசை பிரிக்கப் பழக்கினார்கள். சிலருக்கு உதவலாம், எனக்கு உதவவேயில்லை. அசை வாய்க்கு, பொருள் பிரிகிற இடம் வேறு. சைக்கிளோட்டச் செய்தியில் 'பியெர்கெடாபெ' என்று வந்தது. நான் 'பியெர்கெ', 'டாபெ' என்று உடைத்து, மலைகளை ஒட்டுகிற டேப்பாக்கும் என்று மூன்று நிமிடம் முழித்தேன். உண்மையில் 'பியெர்க்', 'எடாபெ': மலைக்கட்டம்.

பிறகு வாலிலிருந்து வெட்டத் தொடங்கினேன். 'ஸ்க்ரீவெபோர்ட்ஸ்ஸ்கொஃபெ': கடைசியில் 'ஸ்கொஃபெ', அதாவது லாச்சி. மிச்சம் 'ஸ்க்ரீவெபோர்ட்', எழுதுமேசை. நடுவில் இரண்டு எஸ். ஒன்று லாச்சியினுடையது, மற்றது பசை. புளியும் காயும் சேரும்போது புளியங்காய் என்று 'அம்' நுழைகிறதே, அந்தச் சாரியைதான் இது. ஒரு எஸ்ஸை விட்டால் பிழை.

இந்தப் பசை வெட்டவேண்டிய இடத்தையும் காட்டித் தரும். 'வீன்க்ளாஸ்' வைன் கிளாஸ்; எஸ் இல்லை. 'ரோட்வீன்ஸ்க்ளாஸ்' என்றால் எஸ் வந்துவிடும். முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் அதுவும் கடைசிச் சொல்லும் சேருகிற மூட்டில் பெரும்பாலும் எஸ் வரும். ஆக அது சிவப்பு வைனுக்கான கிளாஸ், சிவப்பு நிற வைன் கிளாஸ் அல்ல. (எல்லாவற்றுக்கும் நம்பாதீர்கள்: 'ஃபொட்போல்ட்பானெ', அதாவது உதைபந்தாட்ட மைதானம், அதில் எஸ் இல்லை. பார்த்துப் பாடமாக்கத்தான் வேண்டும்.)

இன்னும் சில:

- டெனிஷில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஒரு' என்பதற்கு 'என்' அல்லது 'எட்' வரும்; கூட்டுச்சொல்லுக்கு எது என்பதைக் கடைசிச் சொல்தான் தீர்மானிக்கும். 'வீன்' என் சொல், 'க்ளாஸ்' எட் சொல், ரோட்வீன்ஸ்க்ளாஸ் எட்.
- 'ஹெட்', 'ஸ்காப்', 'ஷோன்' என்று முடிகிற சொல்லுக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டினால் எஸ் போடுங்கள்.
- டெனிஷ் மொழிச் சபையின் எழுத்துக்கூட்டல் அகராதியில் 'ஐ எஸ்எம்எஸ்.' என்று ஒரு குறிப்பு இருக்கும். குறுஞ்செய்தி என்று நினைத்து ஒரு வருடம் தாண்டிப் போனேன். 'கூட்டுச்சொல்லில்' என்பதன் சுருக்கம் அது. எஸ் வருமா என்று அங்கேயே போட்டிருக்கிறார்கள்.
- செய்தித்தாளின் ஒடுங்கிய பத்திகளைப் பாருங்கள். வரி முடிவில் நெடுஞ்சொல் உடைகிற இடம் பல வேளைகளில் மூட்டாக இருக்கும்.

வாய்மொழியில் எனக்கு 4 தான். அதற்கு வேறு யாரையும் கேளுங்கள்.