நானூறு மீட்டர் பாக்கி

2017-இல், வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12 வந்தது, போனது. மேட்டூரைத் திறக்கவில்லை, அக்டோபரில்தான் திறந்தார்கள். பாசனப் பிரிவில் இருக்கும் எனக்கு ஆகஸ்டில் பதினெட்டு நாள் விடுப்பு கிடைத்த ரகசியம் அதுதான். ஆற்றில் தண்ணீர் ஓடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைத்திருக்காது. குறுவை போன கவலையில் ஊர் இருக்கும்போது, லடாக்கில் ஸ்டோக் காங்ரி ஏறப் போகிறேன் என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

என் வேலை லெவல் எடுப்பது, அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தை அளப்பது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை 80 கிலோமீட்டர் இருக்கும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடக் கிடையாது. வாய்க்காலின் அடிமட்டம் ஒரு சாண் தப்பினாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. இப்படி சென்டிமீட்டரில் பிழைக்கிறவன் 6,153 மீட்டர் மலைக்குக் கிளம்பினேன்.

லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். அப்புறம் ஸ்டோக் கிராமம், அங்கிருந்து நடை. ஏறக்குறைய 5,000 மீட்டரில் அடிவார முகாம். வீட்டிலிருந்து ஒரு கிலோ பொன்னி அரிசி கொண்டுபோயிருந்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 83, 84 டிகிரியிலேயே கொதித்துவிடும்; கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது. சாதாரணப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்தும் நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. முகாம் சமையல்காரர் சிரித்துக்கொண்டே குக்கரை எடுத்து வந்தார். டெல்டாக்காரனுக்குச் சோறு ஆக்கத் தெரியவில்லை!

இரவு பதினொரு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பனியாற்றைக் கடக்கையில் பூட்ஸில் முள்தகடு, இடுப்பில் கயிறு. அதற்குமேல் பத்து அடி, நிற்பது, பத்து அடி. காற்றில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். விடியும் நேரம் வழிகாட்டி தன் ஜி.பி.எஸ். கருவியை நீட்டி, எவ்வளவு காட்டுகிறது, படியுங்கள் என்றார். "5,270" என்றேன். அவர் கருவியைத் திருப்பித் தானும் பார்த்தார். 5,720. தலைவலி இருக்கிறதா என்றார். இருந்தது, இரண்டு மணி நேரமாக. அவ்வளவுதான், கயிற்றைத் திருப்பிக் கட்டினார்.

கோபம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே காரியத்தைச் செய்திருக்கிறேன். ஸ்டாஃபில், அதாவது தரையில் நிறுத்தும் அளவுகோலில், 1.485 என்று பார்த்து, புத்தகத்தில் 1.845 என்று எழுதினேன். கோலில் எண் கூடினால் தரை பள்ளம் என்று அர்த்தம். எழுதும்போது வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம். அதைக் கேட்டு, ஸ்டாஃப் பிடித்திருந்த லஸ்கர் அண்ணன் (லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடும் ஊழியர்) காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஏது சார் அவ்வளவு பள்ளம்?" என்றார். அன்று வெயில், இங்கே குளிர். சோர்ந்த மூளைக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இறங்கி வந்து ஸ்டோக்கில் ஒரு நாள் இருந்தேன். பனி உருகி வரும் நீர், கல் அடுக்கிய சின்ன வாய்க்காலில் பார்லி வயலுக்குப் போகிறது. ஒருவர் மண்வெட்டியோடு வந்து, இரண்டு கல்லையும் ஒரு புல்கட்டியையும் நகர்த்தித் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பினார். லடாக் கிராமங்களில் இப்படி முறைவைத்துத் தண்ணீர் விடுகிறவருக்கு 'சுர்பொன்' என்று பெயர். உச்சியைப் பார்க்கப் போனவன் அங்கேதான் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அந்த மலையை 2020-இல் ஏறுபவர்களுக்கு மூடிவிட்டார்கள். பனியாறு கெடுகிறது, குடிக்கிற தண்ணீர் கெடுகிறது என்பது ஊர்க்காரர்களின் முறையீடு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அலுவலகத்தில் எல்லோரும் "உச்சிக்குப் போனீங்களா?" என்றுதான் கேட்டார்கள். நானூறு மீட்டர் பாக்கி என்றேன். லஸ்கர் அண்ணன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "அங்க யாரு சார் தண்ணி தொறந்து விடுறது?" என்றார். சுர்பொன் கதையைச் சொன்னேன்.

"ஒத்த ஆளா? சண்டைக்கு வரமாட்டாங்களா?" என்றார்.