கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் ஏன் உறைவதில்லை

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் விஷம். ஆனால் அந்தப் பாம்பிடம் கடிபட்டவர்களோ ரத்தம் உறையாமல் கசிந்து சாகிறார்கள். இந்த இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்று புரிந்துவிட்டால் பாம்புக்கடி வார்டில் நடக்கும் பல விஷயங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். ஒரு சாதாரணக் கண்ணாடிக் குழாயை ஏன் 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள், மருந்து ஏற்றிவிட்டு ஏன் 6 மணி நேரம் காத்திருக்கிறார்கள், உறவினர்கள் "ரத்தம் ஏத்துங்க டாக்டர்" என்று கெஞ்சினாலும் ஏன் தயங்குகிறார்கள் என்பதெல்லாம்.

முதலில் நம் உடம்பு ரத்தப்போக்கை நிறுத்தும் விதம். விரல் அறுபட்டதும் அங்குள்ள சிறு நாளம் சுருங்கும். கிழிந்த சுவரில் வெளிப்படும் கொலாஜன் மீது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் ஒட்ட, அதைப் பிடித்துக்கொண்டு பிளேட்லெட்டுகள் (ரத்தத் தட்டணுக்கள்) குவிந்து ஓர் அடைப்பை உண்டாக்கும். அது பலமில்லாத அடைப்பு, அப்படியே விட்டால் கலைந்துவிடும். அதை இறுக்கிக் கட்டுவது ஃபைப்ரின் நார். நாளத்துக்கு வெளியே உள்ள திசுக்களில் இருக்கும் திசுக் காரணியும் ரத்தத்தில் உள்ள 7-ம் காரணியும் (உறைதலுக்கு உதவும் புரதங்களை இப்படி எண்ணிட்டுச் சொல்வார்கள்) சேர்ந்து 10-ம் காரணியைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட 10, தூண்டப்பட்ட 5-உடன் சேர்ந்து புரோத்ராம்பினை த்ராம்பினாக மாற்றுகிறது. த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக்குகிறது. 13-ம் காரணி அந்த நார்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து உறுதியாக்குகிறது. காயம் ஆறியதும் பிளாஸ்மின் என்ற நொதி வந்து கட்டியைக் கரைத்துவிடும்.

இங்கே மறக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, காயம் பட்ட இடத்தில்தான் திசுக் காரணி ரத்தத்தைத் தொடுகிறது, அதனால் உறைதலும் அங்கேயே அடங்கிவிடுகிறது. மற்றொன்று, கையிருப்புக்கு அளவு உண்டு. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ஒரு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை ஃபைப்ரினோஜன் இருக்கும். தீர்ந்துபோனால் கல்லீரல் புதிதாகச் செய்து தரவேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

விரியன் விஷம் இந்த இரண்டையும் உடைக்கிறது. அதில் உள்ள ஒரு நொதி 10-ம் காரணியை, நம் உடம்பு எந்த இணைப்பில் வெட்டுமோ அதே இணைப்பில் வெட்டித் தூண்டுகிறது. இன்னொரு நொதி 5-ம் காரணியைத் தூண்டுகிறது. காயமே தேவையில்லை. ஓடும் ரத்தம் முழுவதிலும் த்ராம்பின் உண்டாகி, ஃபைப்ரினோஜன் மெல்லிய இழைகளாக மாற, பிளாஸ்மின் அவற்றைச் சுடச்சுடக் கரைக்கிறது. சில மணி நேரத்தில் கையிருப்பு காலி. அந்த நேரத்தில் டி-டைமர் (ஃபைப்ரின் கரையும்போது உடையும் துண்டு) பார்த்தால் எகிறிக் கிடக்கும், ஃபைப்ரினோஜன் அளக்கவே முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும். கூடவே விஷத்தின் வேறு சில நொதிகள் மிக மெல்லிய ரத்தநாளங்களான தந்துகிகளின் அடிச்சவ்வை அரிக்கின்றன. நாளமும் ஓட்டை, அடைக்கச் சரக்கும் இல்லை. ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், ஊசி குத்திய இடத்தில் நிற்காத கசிவு, மோசமான நேரத்தில் மூளைக்குள்ளேயே ரத்தக்கசிவு. எல்லாம் இப்படி வருவதுதான்.

மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி இதோடு ஒட்டியது. 1934-ல் லண்டனில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் இதே விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து, ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தம் கசியும் இடத்தில் வைத்து நிறுத்திக் காட்டினார்கள். ஹீமோஃபிலியாவில் 8-ம் அல்லது 9-ம் காரணி குறைவு. விஷமோ அந்தப் படியைத் தாண்டி நேராக 10-ஐத் தூண்டுவதால் வேலை நடந்தது. 30 வருடம் கழித்து, 1964-ல், ரத்தம் உறைவது நொதிகள் ஒன்றையொன்று தூண்டும் சங்கிலி என்று விளக்கியவர்களில் அதே மக்ஃபார்லேனும் ஒருவர். இன்றும் லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் என்ற, உறைதல் சோதனையைக் குழப்பும் எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்க்கும் லேப் பரிசோதனையில் இந்த விஷத்தைத்தான் சொட்டுகிறோம்.

இனி அந்தக் கண்ணாடிக் குழாய். 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனை என்று பெயர். ரத்தநாளத்திலிருந்து புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அறை வெப்பத்தில் ஆடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். 20 நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்தது. தண்ணீராக வழிந்தால் ஃபைப்ரினோஜன் போய்விட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு எளிதான சோதனையில்தான் தவறுகளும் அதிகம். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் நல்ல ரத்தமும் உறையாமல் இருக்கலாம், ஏனென்றால் 12-ம் காரணியைத் தூண்டுவதே கண்ணாடியின் மேற்பரப்பு. சோப்புப் பொடியில் கழுவிய பழைய குழாயும் இதே மாதிரி ஏமாற்றும். 10-வது நிமிடத்தில் "உறைஞ்சிடுச்சா" என்று எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் உறைதல் கலைந்துவிடும். எடுத்த நேரத்தைக் குழாய் மேல் எழுதாமல் விட்டால், டியூட்டி மாறியதும் அது 15 நிமிடமா 40 நிமிடமா என்று யாருக்கும் தெரியாது. சந்தேகமென்றால் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைப் பக்கத்திலேயே இன்னொரு குழாயில் வைத்து ஒப்பிடுவது நல்லது. லேசான பாதிப்பை இந்தச் சோதனை தவறவிடும் என்பதும் உண்மை. வசதி இருந்தால் ரத்தம் உறையும் நேரத்தை லேபில் அளக்கும் பி.டி., ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். அதற்கான, ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் உள்ள குழாயைக் கோடு வரை நிரப்ப வேண்டும். ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, இல்லாத கோளாறை இருப்பதாகக் காட்டும்.

வந்தவுடன் உறைந்தால் தப்பித்தார் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் 3 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 24 மணி நேரம் வரை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். எதிர்ப்பக்கமாக, கண்ணெதிரே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் குழாய்க்காகக் காத்திருக்கவும் கூடாது. உடனே விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும்.

ஆரம்ப டோஸ் ஏன் 8 முதல் 10 குப்பி? கணக்கு இதுதான். இந்தியப் பன்முக விஷமுறிவு மருந்து 1 மில்லி, கண்ணாடி விரியனின் 0.6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி. 10 குப்பிக்கு 60 மில்லிகிராம். ஒரு கடியில் இறங்கும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம் என்பது வழக்கமாகக் கொள்ளும் அளவு. பாம்பு குழந்தையைக் கடித்தாலும் அதே அளவு விஷத்தைத்தான் செலுத்தும். ஆகவே குழந்தைக்கும் மருந்து அதே அளவு, கரைக்கும் சலைன் மட்டும் குறைவு. மருந்தை ஏற்றுமுன் தோலில் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை, அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்வதில்லை. அட்ரினலினைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு ஏற்றுவதே வழி. அரிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு வந்தால் டிரிப்பை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் போட வேண்டும். இந்த நோயாளிகளுக்குத் தசை ஊசி வேண்டாம் என்பது பொதுவிதி. அட்ரினலின் மட்டும் அதற்கு விலக்கு.

மருந்து ஏறியதும் கசிவு பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் அடங்கும். குழாயில் ரத்தம் உறைய மட்டும் 3 முதல் 9 மணி நேரம் ஆகும். விஷம் நடுநிலையான பிறகு கல்லீரல் புதிய ஃபைப்ரினோஜன் செய்ய எடுக்கும் நேரம் அது. அதனால்தான் 6 மணி நேரம் கழித்துச் சோதனை. அதற்கு முன்பே பார்த்துவிட்டு "இன்னும் உறையலை" என்று மேலும் மேலும் குப்பி உடைப்பது வீண். 6 மணி நேரத்துக்குப் பிறகும் உறையாவிட்டால் இன்னொரு 5 முதல் 10 குப்பி.

விஷமுறிவு மருந்து கொடுக்காமல் பிளாஸ்மா ஏற்றுவது, அடுப்பை அணைக்காமல் பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பது போலத்தான். ஏற்றிய ஃபைப்ரினோஜனையும் விஷம் தின்றுவிடும். விஷத்தை முறித்த பின்னும் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால் பிளாஸ்மாவுக்கு இடமுண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் கூடவே கூடாது.

கடித்த இடத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். காலை அசைக்காமல் சிம்பு வைத்து, நடக்க விடாமல் 108-ல் ஏற்றுங்கள். கயிறு இறுக்கிக் கட்டினால், ஏற்கெனவே அழுகத் தொடங்கும் தசைக்கு ரத்தமும் போகாது. கடிவாயைப் பிளேடால் கீறுவது எல்லாவற்றையும் விடக் கொடுமை. உறையாத ரத்தமுள்ள உடம்பில் நீங்களே இன்னொரு வாசலைத் திறக்கிறீர்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக் வேண்டாம், அது பிளேட்லெட்டையும் சிறுநீரகத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும்தான் மருந்து. இலங்கையிலும் கேரளத்திலும் அதிகம் கடிக்கும், மூக்கு நுனி தூக்கிய குழிவிரியனுக்கு இது வேலை செய்யாது. அந்தக் கடியிலும் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம். குப்பி குப்பியாக ஏற்றினால் ஒவ்வாமைதான் மிச்சம்.

ரத்தம் உறையத் தொடங்கிய பிறகும் சிறுநீர் அளவைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவருக்கு நாளுக்கு 400 மில்லிக்குக் கீழே போனால் டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு மாற்றத் தயாராகுங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குள் ரத்தம் கசிந்தோ அடைத்தோ அது செயலிழப்பதும் கண்ணாடி விரியன் கடியில் உண்டு. அது மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட வெளிப்படும். தீராத அசதி, தாழ்ந்த ரத்த அழுத்தம், சர்க்கரை இறக்கம், நின்றுபோன மாதவிலக்கு என்று வருபவரிடம் "எப்போதாவது பாம்பு கடித்ததா" என்று கேளுங்கள். ஆமென்றால் காலை 8 மணி கார்ட்டிசோலும் (அட்ரினல் சுரப்பி ஹார்மோன்), டி.எஸ்.எச்.-ஓடு (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) ஃப்ரீ டி4-ம் (தைராய்டு ஹார்மோன்) பரிசோதனைக்கு அனுப்புங்கள். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு நார்மல் என்று தப்பிவிடும்.