கேன்சல் அழுத்தியதால் வந்த வினை

2001இல் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 98, போன் லைன் வழியாக நெட்டில் இணைக்கும் 56கே மோடம். நெட்டுக்கு 100 மணி நேரம் என்று மொத்தமாகக் காசு கட்டியிருந்தோம். கவரில் வந்த பாஸ்வேர்டை அப்பா தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அவர் கையெழுத்தில் சின்ன ‘எல்’லுக்கும் எண் ஒன்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

டயல் பண்ணும் பெட்டியில் ‘சேவ் பாஸ்வேர்ட்’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் கம்ப்யூட்டரில் அது சாம்பல் பூத்துக் கிடந்தது, டிக் விழாது. தினமும் அட்டையைத் திருப்பிப் பார்த்து டைப் செய்ய வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் மோடம் கிறீச்சிட்டு முடித்து, அந்தப் பக்கம் போனை எடுத்த பிறகுதான் ‘தப்பு’ என்று வரும். போன் பில்லில் ஒரு கால் ஏறியிருக்கும்.

கனெக்ஷனை அழித்துப் புதிதாகப் போட்டேன். போன் வழியாக நெட்டில் இணைக்கும் விண்டோஸ் பகுதியான டயல்-அப் நெட்வொர்க்கிங்கையே எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றும் அசையவில்லை.

கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்த அத்தை மகன்தான் கேட்டான்: “ஆன் பண்ணதும் பேரும் பாஸ்வேர்டும் கேக்குமே, என்ன குடுக்கிற?”

“கேன்சல்.”

சிரித்துவிட்டான். கேன்சல் கொடுத்தாலும் உள்ளே விடும் என்பதை நானே கண்டுபிடித்து, பெருமையாக வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். விஷயம் அங்கேதான் இருந்தது. விண்டோஸ் 98 சேமிக்கும் பாஸ்வேர்டுகள், நாம் கொடுக்கும் பெயரில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பி.டபிள்யூ.எல். என்று முடியும் ஒரு ஃபைலில் போகும். அதைத் திறக்கும் சாவி, ஆன் பண்ணதும் கேட்கும் அந்தப் பாஸ்வேர்ட். கேன்சல் கொடுத்தால் யாரும் நுழைந்ததாகவே கணக்கில்லை. ஃபைல் திறக்காது, சேமிக்க இடமும் கிடையாது. பிறகு அந்தக் கட்டம் சாம்பலாகாமல் என்ன செய்யும்?

சரி, ஓகே கொடுக்கலாம் என்றால் பாஸ்வேர்ட் தப்பு என்றது. முதல் நாள் அப்பா எதையோ அடித்திருக்கிறார், என்னவென்று அவருக்கே நினைவில்லை. ஃபைண்டில் அந்த ஃபைலைத் தேடிப் பிடித்துப் பெயரை மாற்றினேன். அழிக்கத் தைரியம் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்து, அதே பெயர் கொடுத்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு ஓகே. உள்ளே போனது. கட்டம் அப்போதும் சாம்பல்தான்!

கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க்கைத் திறந்தால், ‘கிளையண்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்’ என்ற பகுதி பட்டியலிலேயே இல்லை. அது இல்லாவிட்டாலும் அந்தக் கட்டம் சாம்பல்தான். சேர்க்கப் போனால் சிடி கேட்டது. சிடிக்கு எங்கே போக? அசெம்பிள் செய்த அண்ணன் டி டிரைவில் ‘வின்98’ என்று ஒரு ஃபோல்டரை விட்டுப் போயிருந்தார், புண்ணியவான். அதைக் காட்டினேன். ஆன் ஆனதும் எதன் வழியாக நுழைவது என்று சொல்லும் ‘பிரைமரி நெட்வொர்க் லாகான்’ இடத்திலும் அந்தக் கிளையண்டையே தேர்ந்தெடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனபோது ‘வெல்கம் டு விண்டோஸ்’ என்றிருந்த பெட்டியின் தலைப்பு ‘என்டர் நெட்வொர்க் பாஸ்வேர்ட்’ என்று மாறியிருந்தது. டிக் விழுந்தது. ஒருமுறை கனெக்ட் ஆனபின், அடுத்த முறை பாஸ்வேர்ட் இடத்தில் நட்சத்திரங்கள் தானாக நின்றன.

மறுநாளே அம்மா பழக்கதோஷத்தில் கேன்சல் அழுத்த, நட்சத்திரங்கள் காணாமல் போயின. எல்லாருக்கும் மறுபடி பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஜனவரியில் காலண்டர் மாற்றியபோது, பாஸ்வேர்டைப் புது அட்டைக்கு எடுத்து எழுதினார். இந்த முறை ஒன்றுக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தார்.